உப்பு சுமந்த நீர்வழி

கொழும்பைத் தலைமாடாகவும் புத்தளம் களப்பைக் கால்மாடாகவும் கொண்டு இருநூறு ஆண்டளவு வாழ்ந்திருந்த கால்வாய்ப் படகுப் போக்குவரத்து நம்மை விட்டுப் பிரிந்து பல காலமாகிறது. எந்தத் தினசரியிலும் மரண அறிவித்தல் வரவில்லை. கடைசிப் படகு எந்தத் துறையில் சரக்கிறக்கிவிட்டு ஓய்ந்தது என்பதை எவரும் குறித்து வைக்கவும் இல்லை. பேச்சுக் குறைந்து, பார்க்க வருவோர் குறைந்து, ஆண்டுக்கணக்கில் கிடந்து போன முதியவரின் சாவு அது, அழுவதற்குள் பழகிப்போய்விட்டது.

கால்வாய் இருக்கிறது. உடப்புக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். சிலாபத்திலிருந்து வந்து, முந்தல் ஏரியில் கலந்து, மறுபடி புறப்பட்டுப் புத்தளம் களப்பைத் தேடி வடக்கே போகும் அந்தப் பச்சை நீரைக் காணாதவர் நம் பக்கத்தில் குறைவு. நீர் கிடக்கிறது, வழிதான் இல்லாமற் போயிற்று.

அதன் பிறப்பைச் சொல்லவேண்டுமானால் கறுவாவிலிருந்து தொடங்கவேண்டும். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இந்தப் புத்தளக் கரையில்தான் இறங்கினார்; வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் மேடு மேடாகக் கிடந்ததைக் கண்டு எழுதி வைத்தார். பிறகு அந்த மரப்பட்டைக்காகப் போர்த்துக்கேயர் வந்தார்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு ஒல்லாந்தர் வந்தார்கள். 1656இல் கொழும்பும் 1659இல் கற்பிட்டியும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கறுவா உள்ளூர்க் காடுகளில் விளைந்தது. கப்பல் கொழும்பில் நின்றது. சோழகம் வீசும் மாதங்களில் இந்த மேற்குக் கடலில் சிறு வள்ளம் எதுவும் தலை நீட்ட முடியாது. தங்கள் நாட்டில் கால்வாயே தெருவாக வாழ்ந்து பழகிய மனிதருக்கு இதற்கு விடை தேட அதிக நேரம் ஆகியிராது. கோட்டை அரசர் காலத்திலேயே நீர்கொழும்புப் பக்கம் சில வாய்க்கால்கள் வெட்டியிருந்ததாக வழிவழியாகச் சொல்வார்கள். அவற்றையும் சேர்த்துக்கொண்டு, நீர்கொழும்புக் களப்பு, மகா ஓயா, சிலாபக் களப்பு, முந்தல் ஏரி, புத்தளம் களப்பு என்று கரையோரம் கிடந்த நீர்நிலைகளுக்கு இடையில் இருந்த மண்திட்டுகளை மட்டும் அறுத்து அறுத்து, ஒரே நீர்வழியாக்கினார்கள்.

ஒல்லாந்தர் வெட்டினார்கள் என்று சொல்வது வழக்கம். மண்வெட்டி பிடித்தவர்கள் ஒல்லாந்தர் அல்லர். கூலியில்லாக் கட்டாய வேலையில் நிறுத்தப்பட்ட இந்நாட்டு மக்களே சேற்றில் நின்றார்கள். சோனகரிடமும் செட்டிகளிடமும் ஊழியம் என்ற பெயரில் தனியாக வேலை வாங்கிக்கொண்டது அந்த அரசு. அவர்களுடைய பெயர் எந்தப் பாலத்திலும் இல்லை. 1802க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலேயர் கொழும்புப் பக்கத்துப் பகுதியைப் புதிதாக வெட்டியபோது, அதிகாரியாயிருந்த கவின் ஹமில்டனின் பெயர் அதற்குக் கிடைத்தது.  அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

படகைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்துவிடுவோம், இனிப் பார்க்கக் கிடைக்காது. அடி தட்டை, முழங்கால் தண்ணீரிலும் சுமையோடு மிதக்கும். நடுவில் வளைத்துக் கட்டிய கிடுகுக் கூரை, அதற்குக் கீழே மூட்டைகள், ஒரு மூலையில் மண் அடுப்பு. விளிம்போடு ஓர் ஆள் நடக்கும் அளவுக்குப் பலகை. படகோட்டி அணியத்தில் நின்று நீண்ட கோலைச் சேற்றில் ஊன்றி, மறு நுனியைத் தோளில் கொடுத்துத் தள்ளிக்கொண்டே படகின் பின்கோடி வரை நடப்பார். அவர் பின்னே நடக்க நடக்கப் படகு முன்னே போகும். அங்கே கோலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி ஊன்றுவார். புத்தளத்திலிருந்து கொழும்பு வரை படகில் போனார்கள் என்று நாம் சொல்கிறோம். அந்த மனிதர்கள் உண்மையில் நடந்தே போனார்கள். கோல் அழுத்திய இடத்தில் தோள் காய்த்துக் கறுத்திருக்கும். களப்பில் காற்று வாய்த்தால் பாயை விரித்துவிட்டுச் சற்றுக் குந்தியிருக்கலாம். அதுதான் அவர்களுக்கு ஓய்வு. சோறு படகிலேயே வெந்தது, தூக்கமும் படகிலேதான்.

தெற்கே போன சுமையில் முதலிடம் உப்புக்கு. புத்தளத்தில் உப்பு எப்படி விளைகிறது என்பது நமக்குள் சொல்லத் தேவையில்லை: களப்பு நீரைப் பாத்தியில் ஏற்றி, வெயிலுக்கு விட்டு, தடித்த நீரை அடுத்த பாத்திக்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் வெள்ளை படரும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மழை முந்திக்கொண்டால் ஒரு பருவத்தின் உழைப்பு ஓர் இரவில் கரைந்துவிடும். வாரிக் குவித்த உப்பை அம்பாரமாக்கிக் கிடுகால் மூடி வைப்பார்கள். இந்த உப்புக்காகத்தான் கண்டி அரசர் புத்தளத்தை இழந்ததை எண்ணி மனம் புழுங்கினார்கள். கரையைப் பிடித்தவன் மலைநாட்டின் உப்புச் சாடியையும் பிடித்தான். ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயரும் உப்பை அரசின் ஏகபோகமாகவே வைத்திருந்தார்கள். பாத்தியில் வெந்தவர் தன் வீட்டுக் குழம்புக்கு ஒரு பிடி அள்ளினால் அது களவு. படகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. யார் ஏற்றினாலும் சுமந்தது.

உப்போடு கொப்பராவும் தேங்காயும் போயின, கருவாடும் சாராயமும் ஓடும் விறகும் போயின. திரும்பும்போது அரிசியும் புடவையும் மண்ணெண்ணெயும் வந்தன. கரைவழியே உப்பு மூட்டை சுமந்த கழுதைகளை இங்கே சொல்லாமல் விடுவது அநியாயம். அவற்றின் வழித்தோன்றல்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இன்னும் தெருவில் திரிகின்றன, புத்தளத்தான் என்றால் கழுதையைச் சொல்லிக் கேலி பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தொழில் போன பின்னும் உயிரோடிருக்கக் கழுதைக்குக் கொடுத்து வைத்தது, படகுக்கு இல்லை.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், 1834இல் இலங்கை முழுவதற்கும் ஓர் ஊர்க் களஞ்சியம் தொகுத்து வெளியிட்டார். புத்தளத்து மணியகாரராயிருந்து, சட்டநிரூபண சபை உறுப்பினராகி, சிலாபத்தில் நீதிபதியாயிருந்த மனிதர். ஊருக்கு ஊர் நீரும் நெடுந்தெருவும் எங்கே போகின்றன என்று கணக்கெடுக்கும் அந்த மனப்பாங்கு, படகு வரும் துறையருகே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இயல்பாகவே வந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

நம் கால்வாய்ப் பெரியவருக்குக் கடலுக்கப்பால் ஒரு தம்பி இருந்தான். பார்த்துக்கொண்டதில்லை. ஒல்லாந்தர் 1796இல் இங்கிருந்து போகும்போதே நம் நீர்வழி பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது. தம்பி பிறந்தது 1825இல். நியூயோர்க் மாநிலத்தில் 1817 ஜூலை 4ஆம் திகதி மண்வெட்டத் தொடங்கி, எட்டு ஆண்டுகளில் 363 மைல் வெட்டி, ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் சேர்த்த ஈரிக் கால்வாய்தான் அவன். அகலம் 40 அடி, ஆழம் 4 அடியே. படகை மட்டம் ஏற்றி இறக்க 83 மதகுகள். நமது படகை மனிதன் தோளால் தள்ளினான், அங்கே கரையில் நடந்த கோவேறு கழுதைகள் கயிற்றால் இழுத்தன, அவற்றை ஓட்டிப்போனவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பஃபலோவிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஒரு தொன் சரக்கைத் தரைவழியாகக் கொண்டுபோக 100 டொலரளவு ஆன காலம் போய், கால்வாயில் அது 10 டொலருக்கு இறங்கியது. கோதுமை கடலுக்கு வந்தது, துணியும் கலப்பையும் உள்நாட்டுக்குப் போயின. 1820இல் 1,500 பேர் வாழ்ந்த ரோசெஸ்டர் பத்தே ஆண்டுகளில் 9,000 பேருக்கு மேற்பட்ட மாவாலை நகரமாயிற்று. நியூயோர்க் நகரம் 1820இல் ஏறக்குறைய 1,24,000 பேரோடு இருந்தது, 1860இல் எட்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

அது வெறும் நல்வாழ்வுக் கதை என்று எண்ணிவிடவேண்டாம். கால்வாய் போன நிலம் இரோக்குவா மக்களுடையது; அவர்கள் ஒதுக்கப்பட்ட பின்புதான் அது வெறும் நிலமாயிற்று. பக்கத்து மசாச்சுசெட்ஸில் மெரிமாக் ஆற்று நீரை வாய்க்கால் வழியே திருப்பி, லோவல் என்னும் நூற்பாலை நகரத்தை எழுப்பினார்கள். பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம் பெண்கள் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தறிமுன் நின்றார்கள். 1834இல் கூலியைக் குறைத்தபோதும், 1836இல் விடுதிக் கட்டணத்தைக் கூட்டியபோதும் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் நெய்த பஞ்சு தெற்கே அடிமைகள் பறித்தது. இந்த நியூ இங்கிலாந்துச் சீமையிலிருந்தே 1816இல் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் வந்தது என்பதால், அந்த உலகம் நமக்கு அவ்வளவு தொலைவும் அல்ல.

ஆனால் ஒன்றை மனம் கேட்காமல் விடுவதில்லை. அண்ணன் முந்திப் பிறந்தும், அவன் கரையில் ஏன் ஒரு ரோசெஸ்டர் எழவில்லை? நீரின் குறையா, ஆழத்தின் குறையா என்றால் இல்லை. தம்பிக்கும் நாலடித் தண்ணீர்தான். சுமை யாருடையது என்பதில்தான் வேறுபாடு என்று எனக்குப் படுகிறது. ஈரிக் கால்வாயை மாநிலமே 70 இலட்சம் டொலர் செலவில் வெட்டி, ஆயம் வாங்கிக் கடனை அடைத்தது. கரையில் குடியேறியவன் தன் கோதுமையைத் தானே ஏற்றினான், விற்ற காசில் அடுத்த ஆலையைக் கட்டினான். இங்கே கறுவா ஒல்லாந்தக் கம்பனியுடையது, உப்பு அரசுடையது, பெருந்தோட்டத்துத் தேங்காய் தோட்டத்துரையுடையது. கொப்பரா கொப்பராவாகவே கொழும்புக்குப் போயிற்று, பெரிய எண்ணெயாலைகள் அங்கே எழுந்தன. படகு நம் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. அது சுமந்ததன் விலை நம் வாசலில் தங்கவில்லை.

ஒன்றுமே தங்கவில்லை என்றும் சொல்லமுடியாது. தங்கியது தும்பு. கால்வாயிலும் அதையடுத்த குட்டைகளிலும் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகிக் கறுத்த மட்டையைப் பெண்கள் கட்டையில் வைத்துத் தடியால் அடித்து, அலசி, உலர்த்தி, கயிறு திரித்தார்கள். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்கு அது நாற்றமல்ல. அடுத்த கிழமைச் சோற்றின் மணம். லோவல் பெண்களுக்கு மணி அடித்தது போல இவர்களுக்கு எவரும் அடிக்கவில்லை. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து அடித்தார்கள், அழுதால் எழுந்து போனார்கள். கூலி அதற்குத் தக்கதாகவே இருந்தது. பிறகு இயந்திரத் தும்பாலைகள் வந்தன, தேங்காய்த்துருவல் ஆலைகள் வந்தன, மணியும் வந்தது.

ரயில் விடயத்தில் அண்ணனுக்கு ஆயுள் கெட்டி. ஈரிக் கால்வாயின் ஓரமாக 1842க்குள் அல்பனியிலிருந்து பஃபலோ வரை இருப்புப்பாதை போட்டாயிற்று. அதன் பின்னும் பாரச் சரக்கால் நெடுங்காலம் தாக்குப்பிடித்து, 1882இல் ஆயமும் நிறுத்தப்பட்டு, கடைசியில் 1918இல் திறந்த பெரிய கால்வாய்க்கு இடம்விட்டு அது ஒதுங்கியது. இங்கே ஆங்கிலேயரின் ரயில் முதலில் கோப்பியைத் தேடி மலைக்குப் போயிற்று. 1867இல் கண்டியைத் தொட்டது. நம் கரையை அவர்கள் கவனிக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. புறக்கணிப்பும் சில வேளை ஆயுளைக் கூட்டும். 1909இல் நீர்கொழும்பு வரை இருப்புப்பாதை வந்தது, 1916இல் சிலாபம் வரை, 1926இல் புத்தளம் வரை. பதினேழு ஆண்டுகளில் துறை துறையாகப் படகின் பிழைப்பை ரயில் வாங்கிக்கொண்டு வடக்கே வந்தது. நாட்கணக்கில் போன மூட்டை ஒரே நாளில் போனது. ரயில்மீது பகை பாராட்ட எவருக்கும் மனமில்லை. நம் தாத்தாமார் ஆசையோடு அதில் ஏறினார்கள், நாமும் ஏறுகிறோம். மிச்சமிருந்த விறகையும் ஓட்டையும் லொறி எடுத்துக்கொண்டது. தூர்வார வேண்டிய அவசியம் இல்லாததால் தூரும் வாரப்படவில்லை. படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்து, மழையில் இற்று, பலகை பலகையாக வேலிக்கும் அடுப்புக்கும் போயின.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை அந்தக் கரையில் படகுக்காரரோடு பேசிய தமிழும் இப்போது வெகுவாக ஓய்ந்துவிட்டது. அந்தத் துக்கம் தனியாக எழுதப்படவேண்டியது.

இறந்தவரை அடக்கம் பண்ணியிருந்தால் இவ்வளவு வருத்தமிராது. 1980களில் இறால் வந்தது. சிலாபத்திலிருந்து முந்தல் தாண்டிப் புத்தளம் வரை கண்டல் மரத்தை வெட்டி, சதுப்பைத் தோண்டி, குளம் குளமாகக் கறுப்பு வரி இறால் வளர்த்தார்கள். ஜப்பானுக்குப் போகும் இறால் என்றார்கள், பணம் புரண்டது, கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. குளங்களுக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் கால்வாய் இருந்தது. குளத்துக் கழிவுநீரை விட இடம் வேண்டும். அதற்கும் அதே கால்வாய். ஒருவர் வெளியே விட்டதை அடுத்தவர் உள்ளே ஏற்றினார். முதலில் 1988, 89இல் ஒரு நோய் வந்து போனது. எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டவர் சிலரே. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் அரிசிமணியளவு வெண்புள்ளி தெரிந்த இறால், சில நாட்களுக்குள் குளத்தின் ஓரத்துக்கு வந்து செத்து மிதந்தது. ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே நீர், இப்போது குளத்துக்குக் குளம் அந்த நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வங்கிக் கடனோடு விட்டுப்போன வெறுங்குளங்கள் அங்கே இன்றும் வெடித்துக் கிடக்கின்றன. எந்தக் குளம் எப்போது நீரேற்றலாம் என்று பின்னர் பகுதி பகுதியாகக் கால அட்டவணை போட்டார்கள்; அந்த ஒழுங்கை முதலிலேயே போட்டிருந்தால் என்று எண்ணி இனி ஆவதில்லை.

பெருந்தொழில்களும் ஒருவாறு வந்து சேர்ந்தன. பாலாவிப் பக்கத்தில் சீமெந்து ஆலை, அதற்கு அறுவக்காட்டிலிருந்து சுண்ணக்கல். நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 2014இல் 900 மெகாவொட்டாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையம். நாட்டின் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கும் நிலையம் அது, நன்றியோடுதான் சொல்லவேண்டும். காற்றடி மாதங்களில் பக்கத்து ஊர்களின் மிளகாய்த் தோட்டத்திலும் துவைத்துப் போட்ட துணியிலும் படியும் தூசியையும் கூடவே சொல்லவேண்டும். கப்பலிலிருந்து நிலக்கரியைக் கரைக்குக் கொண்டுவரும் தட்டை மிதவைகளைத் தூரத்தில் பார்க்கும்போது, இந்தக் கரையில் தட்டைப் படகுக்கு இன்னும் வேலை இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றும். கல் வெட்டிய அறுவக்காட்டுக்கு 2019இலிருந்து கொழும்பின் குப்பையும் வரத் தொடங்கிற்று. புத்தளத்து மக்கள் தெருவில் நின்று வேண்டாம் என்றார்கள், ஆனாலும் குப்பை வந்தது.

தெற்கே ஹமில்டன் கால்வாய்ப் பக்கம் கரைகட்டி, சுத்தம் பண்ணி, உல்லாசப் பயணிகள் படகேறுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இறந்தவரின் ஒரு பிள்ளையாவது கொஞ்சம் வசதியாக இருக்கட்டும். வடக்கே நம் பங்குக்கு, மாரி பெய்து முந்தல் பக்கம் வெள்ளம் நிற்கும்போதுதான் கால்வாயின் நினைவு எல்லோருக்கும் வருகிறது. தூர்ந்துபோனது, வெட்டவேண்டும், தண்ணீர் கடலுக்குப் போக இடமில்லை என்கிறார்கள். வெயில் வந்ததும் பேச்சு வடிந்துவிடுகிறது. படகு போன காலத்தில் கரையின் இருமருங்கும் விட்டு வைத்த ஒதுக்கு நிலத்தைப் பற்றிய வழக்கு மட்டும் வடிவதில்லை. குளம் வெட்டியவர் ஒரு பக்கம் எல்லை காட்டுகிறார், தோட்டம் வைத்தவர் மறுபக்கம் வேலி போடுகிறார், நில அளவையாளர் சங்கிலியோடு வந்து கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று இருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.